கைப்பிடி கதவுப் பக்கம்

முப்பத்தோரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் டிசிப்ளின் மாஸ்டராக இருந்தவன் நான். கழிப்பறையில் சிகரெட் பிடித்தவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்; வாயை முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. அற்புதராஜ் சார் வருகிறார் என்றால் அந்த மாடி முழுக்கக் கப்சிப். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட என் கண்ணுக்குத் தப்பியவர் ஒருவர் உண்டு. தப்ப வேண்டும் என்று அவர் எந்த முயற்சியும் எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். அவர் பெயர் வேலாயுதம். என் மகன் வேய்ன் கட்டிக்கொள்ளப் போகும் வர்ஷாவின் அப்பா.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருக்கு லாண்டரி. பெயர் ‘பூவம்மா லாண்டரி’. பூவம்மா அவர் மனைவி. கடைக்குப் பெண்டாட்டி பெயர் வைத்தால் கடையைத் திட்ட முடியாது, அதனால் வேலை ஒழுங்காக நடக்கும் என்பார். அறுபத்தோரு வயது. குள்ளம், கனத்த முன்கைகள், எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. லிட்டில் இந்தியாவின் சின்ன ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள், தைப்பூசத்துக்கு மஞ்சள் வேட்டிகள், தீபாவளி சமயத்தில் பட்டு என்று எல்லாம் அங்கே போகும். எங்கள் தேவாலயத்தின் பலிபீடத் துணிகளும் எட்டு வருடமாக அங்கேதான் போகின்றன. பீடத்தை ஆயத்தம் செய்யும் குழுவில் நான் இருக்கிறேன். சனிக்கிழமை தோறும் அந்தத் துணியைப் பிரித்து விரிப்பவன் நான்தான். ஆரம்பத்தில் ஒரு முறை அவரிடம் குறைகூடச் சொன்னேன். மற்ற லாண்டரிகளில் மடித்த துணியின் வளைந்த முதுகுப் பக்கம் முன்னால் தெரியும், பார்க்க அழகாக இருக்கும். இவர் கடையிலிருந்து வரும் துணியில் விளிம்புகள் எல்லாம் முன்னால் பார்க்கும். “எங்க கடை மடிப்பு இப்படித்தான் சார்” என்றார்.

அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது. ஒரு ஹோட்டல் மேலாளர் அம்மாள் விரிப்புகளுக்கு இன்னும் பிளீச் போடு என்று கடையில் நின்று சத்தம் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். வேலாயுதம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “மேடம், உங்க துணிய எடுத்துட்டுப் போயிடுங்க. கிழிஞ்ச பிறகு என் கடைப் பேரச் சொல்லாதீங்க” என்றார். அந்த அம்மாள் போய்விட்டார். அடுத்த வாரம் அதே துணி அதே வண்டியில் வந்து இறங்கியது. அவர் ரசீது எழுதினார். இப்படிப்பட்டவர் சம்பந்தியாக வருவது எனக்குத் திருப்திதான்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அதைக் கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைத் தவிக்கவிட எனக்கு மனமில்லை. எண்பத்தைந்தில், இருபத்திரண்டு வயதில், வேலாயுதம் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கும்பலோடு சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சண்டையில் மாணிக்கம் என்பவரை இரும்புக் குழாயால் அடித்தார். மாணிக்கத்துக்கு ஒரு காது போய்விட்டது. வேலாயுதத்துக்கு மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தையும் ‘வட்ட ஜெயில்’ என்று எல்லோரும் சொன்ன கட்டடத்தில்தான் கழித்தார். துணி துவைக்கவும் மடிக்கவும் கற்றுக்கொண்டது அங்கேதான். வெளியே வந்து, ஜலாலுதீன் என்பவர் நடத்திய விடுதியில் சலவை வேலைக்குச் சேர்ந்து, பிறகு கல்யாணம், கடை, குழந்தை. மனைவிக்கு எல்லாம் தெரியும். மகளுக்குப் பதினைந்து வயதிலேயே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

போன வருடம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு நானும் என் மனைவி பிரிஜட்டும் பிடோக்கில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போனோம். பிள்ளைகள் தாங்களே பார்த்து, பிடித்து, முடிவு செய்துவிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னவர்கள்தான். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. பூவம்மா ஆட்டிறைச்சி பிரியாணி செய்திருந்தார். வாசம் லிஃப்ட்வரை வந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டு, “பேசி முடியட்டும், நிச்சயம் ஆகட்டும், அப்புறம் கை நனைக்கிறோம்” என்றுவிட்டேன். நாங்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் இந்துக்கள். ஆனால் சம்பந்தம் பேசி முடியும்வரை பெண் வீட்டில் சாப்பிடக்கூடாது என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பூவம்மாவும் வற்புறுத்தவில்லை. வர்ஷா காப்பி மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

அப்போது தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனிகளைப் பற்றி. என் கருத்தை யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

“வேலை குடுக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா ஒண்ணு, உள்ள போயிட்டு வந்தவன் வீட்டுல நாம போய்க் கை நனைக்க முடியுமா, சொல்லுங்க?”

யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொன்னது அவ்வளவு சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதாக நினைத்துக்கொண்டேன். வேலாயுதம் காலிக் குவளைகளைத் தட்டில் எடுத்து அடுக்கினார். நாலு குவளைகளின் கைப்பிடிகளும் ஒரே பக்கம் பார்த்தன. எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று வீடு திரும்பும் வழியில் பிரிஜட்டிடம் சொன்னேன். அதோடு அந்தப் பேச்சை மறந்தும் போனேன்.

அவர்கள் மறக்கவில்லை. வர்ஷா மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். எலும்பு உடைந்து வருகிறவர்களை நடக்க வைக்கிற பெண், பேச்சும் அப்படித்தான் நேராக இருக்கும். அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்: “சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்பா. ஆனா சொல்றதா இருந்தா நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லிடுங்க. கேட்டுட்டு அங்கிள் உங்கள மதிக்கலன்னா, அந்த வீட்டுக்கு நான் போகல.” வேய்னிடமும் விஷயத்தைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்லியிருக்கிறாள்: எங்கப்பாவை மதிக்காத வீட்டில் நான் விளக்கேற்ற மாட்டேன். அவன் வழக்கம்போல் தலையாட்டியிருக்கிறான். பூவம்மாவின் கட்சி வேறு. முப்பத்தாறு வருடமாக யாரும் கேட்காததை நாமே ஏன் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவர் கேள்வி. மகள் கல்யாணம் தன் வாயால் நின்றுவிடக் கூடாது என்று வேலாயுதமும் நாளைக் கடத்தினார். நிச்சயத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் எல்லோரையும் ஜெயிலுக்குக் கூப்பிட்டேன்.

வட்ட ஜெயிலின் ஒரு பகுதியை இடிக்காமல் வைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தமிழில் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று பார்த்ததும் நாலு டிக்கெட் பதிவு செய்துவிட்டேன். நிச்சயத்துக்கு முன்னால் பெரியவர்கள் நாலு பேரும் ஒரு நாள் வெளியே போய் வந்தால் பழக்கம் கூடும் என்பது என் திட்டம். தொலைபேசியில் சொன்னேன்.

“எங்க சார்?” என்றார் வேலாயுதம்.

“வட்ட ஜெயில் லா! உள்ள எப்படி இருக்கும்னு நம்ம மாதிரி ஆளுங்களுக்கு எப்பத் தெரியப் போகுது?”

“சரி சார், வரோம்.”

வயிற்று வலி என்று சொல்லிவிடுங்கள் என்று பூவம்மா எவ்வளவோ கெஞ்சினாராம். இவர் கேட்கவில்லை. “அந்தக் கேட்டு வழியா ஒரு தடவ கைவிலங்கோட போனேன். இந்தத் தடவ டிக்கெட்டோட போறேன். பயப்பட என்ன இருக்கு?” என்றாராம். இதெல்லாம் பின்னால் பூவம்மா பிரிஜட்டிடம் சொல்லி, பிரிஜட் என்னிடம் சொன்னது.

சனிக்கிழமை காலை டோபி காட் ரயில் நிலையத்தில் சந்தித்து ஒன்றாகப் போனோம். வேலாயுதம் தன்னிடம் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டு வந்திருந்தார். அவ்வளவு கஞ்சி போட்ட சட்டையை நான் ஈஸ்டர் பூசையில்கூடப் பார்த்ததில்லை.

ஜெயிலின் வாசலிலேயே கடை வைத்துவிட்டார்கள். கைதி எண் அச்சடித்த டீ-சட்டை, கம்பி போட்ட சாவிக்கொத்து. பக்கத்தில் ஒரு காப்பிக் கடை. தகரத் தட்டில் ‘சிறைக் காலை உணவு’ என்று ரொட்டியும் பயறும் வைத்து, அதற்கு ஹோட்டல் விலை போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு வழிகாட்டி சாதியா என்ற பெண். இருபத்தைந்து வயது இருக்கும். பாடம் ஒப்பிக்காமல் சிரித்துப் பேசினாள், எனக்குப் பிடித்தது.

உள்ளே போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கட்டடம் கேக் டின் மாதிரி வட்டம். மூன்று மாடி, சுற்றிலும் அறைக் கதவுகள், நடுவில் வெற்றுத் தரை. தரையின் மையத்தில் ஒரு வார்டன் நின்றால் போதும், திரும்பிக்கொண்டே எல்லாக் கதவையும் பார்க்கலாம். நான் மையத்தில் போய் நின்று இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தை இப்படிக் கட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நடை மிச்சமாகியிருக்கும் என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வேலாயுதம் மட்டும் சுவரோரம், தரையில் இருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நடந்தார். கோட்டை மிதிக்கவே இல்லை. அதை நான் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் புரியவில்லை. முப்பத்தோரு வருட அனுபவத்தின் லட்சணம் அது.

கீழ்த்தளத்தில் ஒரு அறையைக் கைதி இருந்த காலத்தில் இருந்தபடியே வைத்திருந்தார்கள். கோரைப்பாய், சாம்பல் நிறக் கம்பளி மடித்து வைத்தது, அதன் மேல் எனாமல் குவளை, குவளையில் பல் தூரிகை. அறைக்கு வெளியே ஒரு மேசையில் அதே மாதிரிக் கம்பளியும் குவளையும் தூரிகையும் இருந்தன.

“இப்ப ஒரு சின்ன விளையாட்டு” என்றாள் சாதியா. “உள்ள இருக்கிற மாதிரியே ரெண்டு நிமிஷத்துல மடிச்சு வைக்கணும். யாரு வரீங்க?”

நான் வராமல் யார் வருவார்கள்? தேசிய சேவையில், ராணுவ முகாமில், கட்டில் சோதனைக்குக் கம்பளி மடித்த கை இது. மடித்தேன், தட்டினேன், முதுகுப் பக்கம் முன்னால் தெரிய வைத்தேன், குவளையை மேலே வைத்தேன். ஒன்றரை நிமிடம்தான் ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள். சாதியா ஒரு பேட்ஜைக் குத்திவிட்டாள்.

“அது தப்பு” என்றார் வேலாயுதம்.

எனக்குச் சுருக்கென்றது. “எது தப்பு? உள்ள இருக்கிற மாதிரியேதானே வெச்சிருக்கேன்?”

“உள்ள இருக்கிறதும் தப்பு சார்.”

மேசைக்கு வந்தார். கம்பளியை உதறினார். மூன்றாக, பிறகு பாதி, மறுபடி பாதி. அவர் கை போன வேகத்தைச் சொல்வதற்குள் மடித்து முடித்துவிட்டார். விளிம்புகள் அத்தனையும் முன்னால் பார்க்க, முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். குவளையை எடுத்து, கைப்பிடி கதவுப் பக்கம் வரும்படி வைத்தார். தூரிகையின் மயிர் மேலே இருந்தது. செருப்பு வைக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“பாத்தீங்களா, லாண்டரிக்காரர்கிட்ட போய்ப் போட்டி போட்டேன் பாருங்க!” என்று நானே அவர் முதுகில் தட்டினேன்.

“ஓ, அங்கிள் லாண்டரி வெச்சிருக்கீங்களா? அதான்!” என்றாள் சாதியா.

பூவம்மா முந்திக்கொண்டார். “ஆமா மா, கடையில நாள் பூரா இதான வேலை. வாங்க, அடுத்த இடம் போலாம்.”

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வேலாயுதம் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும். நான் இன்றுவரை லாண்டரிக்காரர் கைவண்ணத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். அடுத்த ஞாயிறு நிச்சயமும் நடந்திருக்கும். அவர் பூவம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“லாண்டரில கம்பளி மடிப்போம் சார். குவளை வைக்க மாட்டோம்.”

எனக்கு அப்போதும் ஏறவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார்.

“கதவுல ஓட்ட இருக்கு பாருங்க. அது வழியாதான் ஆபீசர் பாப்பார். குவளைக் கைப்பிடியக் கழட்டித் தேச்சா கத்தி. அதனால கைப்பிடி அவர் கண்ணுக்குத் தெரியணும். கம்பளிக்கு நடுவுல எதையும் சொருகி வைக்கலன்னு விளிம்பு தெரியணும். தெரியலன்னா அவர் கதவத் திறக்கணும். அவரத் திறக்க வெச்சா அன்னிக்கு வெளிய வெயில்ல விட மாட்டாங்க. நான் முதல் மாசத்துல ஒம்பது நாள் வெயில் பாக்கல. அப்புறம் தப்பு பண்ணினதில்ல. ரெண்டாவது மாடி, நாப்பத்தொண்ணாம் நம்பர் அறை. மூணு வருஷம்.”

பூவம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். என் சட்டையில் அந்த பேட்ஜ் மினுங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. மறைத்துச் சொல்ல விரும்பவில்லை, நல்ல கோபம். என்னை, அற்புதராஜை, ஒரு வருடமாக ஒருவர் ஒன்றும் தெரியாதவனாக வைத்திருக்கிறாரே என்ற கோபம். “எங்கள ஏமாத்திட்டீங்க” என்றேன்.

“ஏமாத்தல சார். சொல்லல. சொல்லணும்னுதான் அன்னிக்கு உங்கள வீட்டுக்கே கூப்பிட்டேன். பிரியாணி சாப்பிட்டு முடிச்சதும் சொல்றதா இருந்தேன்.” அவ்வளவுதான் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று சொல்லவில்லை.

நான் விறுவிறுவென்று வெளியே வந்து அந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பிரிஜட் வந்து எதிரில் உட்கார்ந்தாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவள் என்னைத் திட்டியது குறைவு. திட்ட வேண்டிய நேரத்தில் குரலைத் தாழ்த்துவாள்.

“அன்னிக்கு அவங்க வீட்டுல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“என்ன சொன்னேன்?”

சொன்னாள். தொலைக்காட்சிச் செய்தி, கை நனைப்பது, எல்லாவற்றையும் என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். காப்பி வந்தது. ஒரு மனிதரின் வீட்டில், அவர் மனைவி சமைத்த பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே நான் பேசிய பேச்சு அது. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் நாலு குவளையையும் அடுக்கினார்.

அப்போதுதான் விளிம்புகள் ஞாபகத்துக்கு வந்தன. சனிக்கிழமை தோறும் நான் பிரிக்கும் பலிபீடத் துணி. எட்டு வருடமாக விளிம்பெல்லாம் முன்னால் பார்க்க, உள்ளே எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று காட்டிக்கொண்டு வந்த மடிப்பு. நாற்பத்தொன்றாம் அறையில் வெயிலுக்காகக் கற்றுக்கொண்ட மடிப்பைத்தான் நான் வாரா வாரம் ஆண்டவரின் பந்திக்கு விரித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அதில் எந்தக் கூச்சமும் இல்லை. நான்தான் இவர் வீட்டுச் சோறு என் தொண்டையில் இறங்காது என்றிருந்தேன். வெட்கமாக இருந்தது. அறுபத்து நாலு வயதில் இவ்வளவு வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“எங்க போறீங்க?” என்றாள் பிரிஜட்.

“ரெண்டாவது மாடிக்கு.”

படியேறும்போதே அவர் குரல் கேட்டது. அந்த வட்டக் கட்டடத்தில் எங்கே பேசினாலும் எங்கும் கேட்கிறது. நாற்பத்தொன்றாம் அறை வாசலில் குழு முழுவதும் கூடியிருந்தது. சாதியா கைபேசியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். வேலாயுதம் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நிற்கிற அதே தோரணையில் நின்றார்.

“நீங்க அடிச்ச ஆளு என்ன ஆனார் அங்கிள்?” என்று கேட்டாள் சாதியா.

“மாணிக்கம்னு பேரு. ஒரு காது கேக்காமப் போச்சு. வெளிய வந்ததும் நேரா அவர் வீட்டுக்குப் போனேன். கதவத் திறக்கல. அடுத்த வருஷமும் போனேன். அவர் சம்சாரம் கதவத் திறந்து, இனிமே வராதீங்கன்னு சொன்னாங்க. அப்புறம் போகல. அவர் மன்னிக்கல. மன்னிச்சாகணும்னு சட்டம் இல்ல. நான் செஞ்சது நான் செஞ்சதுதான். ஜெயில்ல இருந்த மூணு வருஷத்துல அது தீர்ந்துடும்னு நெனச்சேன், தீரல. அதோட சேத்துதான் வேலை செய்யணும்னு புரிஞ்சுது. செஞ்சுட்டிருக்கேன்.”

பிறகு சாதியாவிடம், கீழே இருக்கும் கம்பளியை மாற்றி வைக்கச் சொல்லுங்கள், தப்பாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை என்றார். பிளீச் போடச் சொன்ன அம்மாளிடம் பேசிய அதே குரல். அவள் மேலாளரிடம் சொல்கிறேன் என்றாள். “சொல்லுங்க. சந்தேகம்னா கடைக்கு வரச் சொல்லுங்க” என்றார்.

கூட்டம் நகர்ந்ததும் நான் அறைக்குள் போனேன். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். பூவம்மா ஒரு மூலையில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடம் கேள்விப்பட்ட இடத்தை இப்போதுதான் பார்க்கிறார். என் பின்னாலேயே வந்த பிரிஜட் அவர் பக்கத்தில் போய்ச் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மிஸ்டர் வேலாயுதம்” என்றேன். பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்தே பழகிய வாய்; கேட்டுப் பழக்கமில்லை. “அன்னிக்கு உங்க வீட்டுல நான் பேசினது தப்பு. நான் பேசினதாலதான் நீங்க சொல்லலன்னு இப்பத்தான் தெரியுது. மன்னிச்சுக்குங்க.”

அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடவில்லை. அதற்காகவே அவர் மேல் மதிப்பு இன்னும் கூடியது.

“வலிச்சுது சார்” என்றார். “அடுத்தவங்க சொன்னா வலிக்காது, கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு. எம் பொண்ணு முன்னாடி சொன்னீங்க, அதான்.”

“புரியுது.”

“அவ என்ன சொல்லியிருக்கான்னு தெரியுமா?” என்று மகள் போட்ட நிபந்தனையை அவரே சொன்னார். “இப்ப நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி, நேராச் சொல்லிடுங்க. நான் போய் அவகிட்டச் சொல்லணும்.”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி ஆகப் போகிறது.

“பசிக்குது” என்றேன். “உங்க வீட்டுல இன்னிக்கு என்ன சமையல்?”

பூவம்மா தலையை நிமிர்த்தினார். பிரிஜட் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலாயுதம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிச்சயம் இன்னும் ஆகல சார். முறைன்னு சொன்னீங்களே.”

“முறைதான். பேசி முடிச்சா கை நனைக்கலாம். நான் பேசி முடிச்சுட்டேன்.”

“பரிதாபப்பட்டு வரதா இருந்தா வேணாம்.”

“பரிதாபமா? வாசல்ல அந்தத் தகரத் தட்டு ரொட்டிக்கு என்ன விலை போட்டிருக்கான் பாத்தீங்களா? என்னால குடுக்க முடியாது லா. கிளம்புங்க.”

அப்போதுதான் அவர் சிரித்தார்.

டாக்சியில் பிடோக் போய்ச் சேரும்வரை பூவம்மாவுக்குப் பதற்றம். வீட்டில் ஒன்றுமே இல்லை, நேற்று வைத்த ரசம்தான் இருக்கிறது, சம்பந்தி முதல் முறை சாப்பிட வருகிறார், இப்படியா என்று புலம்பிக்கொண்டே வந்தார். வழியில் கோழி வாங்கிக்கொள்ளலாம் என்றார். நான் வண்டியை நிறுத்தவிடவில்லை. ரசம் போதும் என்றேன். போன வருடம் ஆட்டிறைச்சி பிரியாணியை வேண்டாம் என்றவனுக்கு அதுவே அதிகம்.

சோறு, ரசம், அவசரமாகப் பொரித்த முட்டை, டப்பாவில் இருந்த நெத்திலிச் சம்பல். வேலாயுதம் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குவளையின் கைப்பிடி வாசல் கதவைப் பார்த்திருந்தது. எனக்கு எட்டவில்லை, ஆனாலும் திருப்பாமல் கையை நீட்டி எடுத்துக் குடித்தேன். ரசத்தில் உப்பு ஒரு கல் தூக்கல். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன்.

ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது கதவில் சாவி திரும்பியது. வர்ஷா, மருத்துவமனைச் சீருடையில், காலை வேலை முடிந்து வந்திருந்தாள். காலணியைக் கழற்றக் குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் அவர்கள் சாப்பாட்டு மேசையில், மணிக்கட்டுவரை ரசமாக உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு காலில் காலணியோடு அப்படியே நின்றாள். கண் என் கைக்குப் போனது, பிறகு அவள் அப்பாவிடம்.

“சொல்லிட்டீங்களாப்பா?”

“சொல்லிட்டேன்.”

“எல்லாத்தையும்?”

“எல்லாத்தையும். அறையையே காட்டிட்டேன்.”

நான் ஏதாவது பேச வேண்டும் என்று வாயெடுத்தேன். வாயில் சோறு இருந்தது. பேசவும் வேண்டியிருக்கவில்லை. அவள் இன்னொரு காலணியையும் கழற்றி, இரண்டையும் சேர்த்து, நுனி கதவைப் பார்க்க வரிசையாக வைத்தாள். ஒரு வருடமாக என்னை அங்கிள் என்று கூப்பிட்டவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“அம்மா, மாமாவுக்கு இன்னொரு முட்டை பொரிங்க.”